கிராபிக்ஸ் கார்டு வாங்கலாமா? முதலில் டாஸ்க் மேனேஜரைத் திறங்கள்!

கம்ப்யூட்டர் வாங்கி நான்கைந்து மாதங்கள் ஆனதும் பல வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டுவிட்டால் இது பறக்கும்" என்பதுதான் அது. பேச்சைத் தொடங்குவது பெரும்பாலும் வீட்டில் உள்ள பிள்ளைகள். பணம் தர வேண்டியவருக்கோ அந்தக் கார்டு எப்படி இருக்கும், எங்கே மாட்டுவார்கள் என்பதே தெரியாது. கடைசியில் "கம்ப்யூட்டர் தெரிந்தவர்" என்று பெயர் எடுத்த என்னைப் போன்ற ஒருவரிடம் பஞ்சாயத்து வந்து சேரும்.

நான் பெரும்பாலும் "இப்போது வேண்டாம்" என்றே சொல்கிறேன். இதனால் சில வீடுகளில் பிள்ளைகளுக்கு என்னைப் பிடிக்காமல் போயிருக்கிறது. எனவே நான் ஏன் அப்படிச் சொல்கிறேன், எப்போது "வாங்குங்கள்" என்று சொல்வேன் என்பதை இங்கே விளக்கிவிடுகிறேன். இதற்கு என் அக்கா வீட்டுக் கதையே போதும்.

2024 தீபாவளிக்குத் திருநெல்வேலி சென்றிருந்தேன். அக்கா மகன் அந்த ஆண்டுதான் எஞ்சினியரிங் முதலாண்டு சேர்ந்திருந்தான். அவனுக்காக அத்தான் ஒரு ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தில் சில ஆண்டுகள் ஓடியபின், சுத்தம் செய்து மீண்டும் விற்கப்படும் ஒல்லியான பெட்டி அது. ஆறாம் தலைமுறை கோர் ஐ5 ப்ராசசர், 8 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், பதினெட்டரை அங்குல மானிட்டர். எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய். அந்த விலைக்கு நல்ல பொருள்தான். குறை சொல்ல மாட்டேன்.

பலகாரம் சாப்பிட்டு முடித்ததும் பையன் ஒரு காகிதத்தை நீட்டினான். ஊரில் உள்ள ஒரு கடையில் எழுதி வாங்கிய கொட்டேஷன். ஆர்.டி.எக்ஸ். 3050, 8 ஜிபி. விலை 22,000 ரூபாய். அதாவது கம்ப்யூட்டரைவிடக் கார்டு 8,000 ரூபாய் அதிகம்.

"எதுக்குடா இது?" என்று கேட்டேன்.

"படிப்புக்குத்தான் மாமா. ஆட்டோகேட் இருக்கு. அப்புறம் ஏ.ஐ. படிக்கணும்னா ஜி.பி.யு. இல்லாம முடியாது."

அக்கா அடுக்களையிலிருந்தே சொன்னாள். "தம்பி, நீ சரின்னு சொன்னா வாங்கிரலாம். சீட்டுப் பணம் இருபத்தஞ்சாயிரம் எடுத்து வச்சிருக்கேன்."

அந்த 25,000 ரூபாய் ஒரு மளிகைக் கடை வருமானத்திலிருந்து மாதாமாதம் மிச்சம் பிடித்துச் சேர்த்தது என்பது எனக்குத் தெரியும். தலையாட்டிவிட்டு அடுத்த முறுக்கை எடுக்க மனம் வரவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

கார்டு செய்யும் வேலை என்ன?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்காக இதனைச் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். நம் மானிட்டர் திரை சிறு சிறு புள்ளிகளால் ஆனது. முழு எச்.டி. எனப்படும் திரையில் குறுக்கே 1920, நெடுக்கே 1080 புள்ளிகள். பெருக்கினால் 20,73,600 வரும். சாதாரண மானிட்டர் ஒரு விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. ஆகவே விநாடிக்கு 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு என்ன நிறம் என்று யாரோ கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். டெக்ஸ்ட் டைப் செய்யும்போது இந்தக் கணக்கு மிக எளிது. பெரும்பாலான புள்ளிகள் மாறுவதே இல்லை. ஒரு முப்பரிமாண கேமில் கார் ஓடும்போது நிழல், வெளிச்சம், கண்ணாடியில் பிரதிபலிப்பு என்று ஒவ்வொரு புள்ளிக்கும் பெரிய கணக்கு. இதனைச் செய்வதுதான் ஜி.பி.யு.

பலர் நினைப்பது போல, கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் ஜி.பி.யு.வே இல்லை என்பது சரியல்ல. பெரும்பாலான ப்ராசசர்களுக்குள்ளேயே சிறிய ஜி.பி.யு. ஒன்று இருக்கிறது. படம் பார்க்க, இன்டர்நெட் பார்க்க, அலுவலக வேலை செய்ய அதுவே தாராளம். அந்தச் சிறிய ஜி.பி.யு.வுக்குத் தனி மெமரி கிடையாது. கம்ப்யூட்டரின் ரேமிலிருந்து பங்கு எடுத்துக்கொள்ளும். இந்த விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

தனியாக வாங்கும் கார்டில் பெரிய ஜி.பி.யு.வும் அதற்கென்றே வேகமான மெமரியும் இருக்கும். வரைவதிலும், ஒரே மாதிரியான கணக்கை ஆயிரக்கணக்கில் ஒரே நேரத்தில் போடுவதிலும் அது கெட்டி. மற்ற வேலைகளில் அதற்குப் பெரிய பங்கில்லை. விண்டோஸ் பூட் ஆகும் நேரம் குறையாது. பிரவுசரில் இருபது டேப் திறந்தால் திணறுவது நிற்காது. பைல் காப்பி வேகமாகாது. ஆனால் "கம்ப்யூட்டர் ஸ்லோ" என்று நம் வீடுகளில் சொல்லப்படும் புகார்களில் பெரும்பகுதி இவைதான்!

பையனிடம் கம்ப்யூட்டரை ஆன் செய்யச் சொன்னேன். டெஸ்க்டாப் வந்து, மவுஸ் சொன்னபடி கேட்கவே இரண்டு நிமிடம் ஆனது. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பாமன்ஸ் என்ற டேபில் சி.பி.யு., மெமரி, டிஸ்க், ஜி.பி.யு. ஆகியவை தனித்தனியே எவ்வளவு உழைக்கின்றன என்று பார்க்கலாம். ஜி.பி.யு. விவரம் விண்டோஸ் 10-க்கு 2017-ல் வந்த ஓர் அப்டேட்டிலிருந்து இதில் கிடைக்கிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் கார்டு வாங்குபவர்களைப் பார்க்கும்போது, ரத்தப் பரிசோதனை செய்யாமலே மருந்துக் கடைக்குப் போகிறவர்கள்தான் என் நினைவுக்கு வருகிறார்கள்.

பிரவுசரைத் திறந்தோம். டிஸ்க் 100 சதவீதம். மெமரி 85-ஐத் தாண்டியது. ஜி.பி.யு. ஐந்து, ஆறு என்று ஓய்வெடுத்துக் கொண்டிருந்தது. ஆட்டோகேடில் முதலாண்டு வரைபடம் ஒன்றைத் திறந்தோம். இரு பரிமாணக் கோடுகள்தான். ஜி.பி.யு. அப்போதும் பத்தைத் தொடவில்லை. ஆனால் அந்தப் புரோகிராம் திறந்து முடிக்க டிஸ்க் படாத பாடு பட்டது.

"சரி, இப்போ நெஜமாவே எதுக்குக் கேக்கறேன்னு சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, ஜி.டி.ஏ. 5 கேமைத் திறந்தான். 2015-ல் கம்ப்யூட்டருக்கு வந்த கேம் அது. அவன் வைத்திருந்த செட்டிங்கில் கார் நான்கு தெரு போவதற்குள் நாற்பது முறை நின்றது. இங்கே ஜி.பி.யு. 100 சதவீதம். புதிய தெரு வரும்போதெல்லாம் டிஸ்க்கும் 100.

இந்த இடத்தில் என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். கேம் ஆடுவதற்காகக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. கிரிக்கெட் பேட் வாங்கித் தருகிறோம், கேரம் போர்டு வாங்கித் தருகிறோம். இதுவும் அது போன்றதுதான். ஆனால் "படிப்புக்கு" என்று சொல்லி வாங்கினால் கணக்கே தப்பாகிவிடும். படிப்புக்கு என்றால் கடன் வாங்கியாவது கொடுக்க வேண்டும் என்று நம் பெற்றோர் நினைப்பார்கள். விளையாட்டுக்கு என்றால் "இந்த வருஷம் முடியாது, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அந்த உரிமையை அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது. ஏ.ஐ. படிப்பதைப் பொறுத்தவரை, கூகுள் கோலாப் தளத்தில் பிரவுசர் வழியாகவே, நேர வரம்புடன் இலவசமாக ஒரு ஜி.பி.யு.வைப் பயன்படுத்தலாம். முதலாண்டு மாணவனுக்கு அது போதும். போதவில்லை என்ற நிலை வரும்போது அவனுக்கே காரணம் சொல்லத் தெரிந்திருக்கும்.

பெட்டிக்குள் போகாத கார்டு

அடுத்து ஸ்குரூவைக் கழற்றி மூடியைத் திறந்தோம். அங்கேதான் அந்தக் கொட்டேஷனின் உண்மையான விலை தெரிந்தது.

அந்த ஒல்லிப் பெட்டிக்குள் பாதி உயரக் கார்டுதான் நிற்கும். லோ புரொபைல் என்பார்கள். கடைக்காரர் எழுதிக் கொடுத்ததோ முழு உயரம், இரண்டு ஸ்லாட் தடிமன். நிமிர்த்தி வைத்தால் மூடி மூடாது. சரி, கேபினெட்டை மாற்றலாம் என்றால் எஸ்.எம்.பி.எஸ். குறுக்கே வந்தது. 8 ஜிபி ஆர்.டி.எக்ஸ். 3050 கார்டு 130 வாட் வரை இழுக்கும். மதர்போர்டில் உள்ள ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். மீதிக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். இந்தப் பெட்டியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அந்த ஒயரே இல்லை. அதன் மொத்தத் திறன் 240 வாட். புதிய எஸ்.எம்.பி.எஸ். போடலாம் என்றால், இந்த வகை அலுவலகப் பெட்டிகளில் மதர்போர்டுக்குப் போகும் பவர் கனெக்டர் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குப் பொருந்துவதில்லை. மதர்போர்டின் அளவும் சாதாரண கேபினெட்டில் சரியாக உட்காராது.

ஆக, 22,000 ரூபாய் கார்டை மாட்ட கேபினெட், எஸ்.எம்.பி.எஸ்., மதர்போர்டு, அதற்கேற்ற ப்ராசசர் என்று புதிதாக ஒரு கம்ப்யூட்டரே வாங்க வேண்டும். இது எதுவும் கொட்டேஷனில் இல்லை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல மாட்டேன். பையன் கார்டின் விலை கேட்டான், அவர் கார்டின் விலை சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. மைக்ரோசாப்ட் தந்த பட்டியலின்படி விண்டோஸ் 11-க்கு இன்டெல் ப்ராசசர் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் தகுதி. இவனுடையது ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடியப் போகிறது என்பது அப்போதே தெரிந்த செய்தி. ஓராண்டில் ஓய்வு பெறப் போகிறவருக்கு யாராவது இப்போது கோட் சூட் தைப்பார்களா?

இதைச் சொல்லிச் சிரிக்க எனக்குத் தகுதி இல்லை. 2005-ல் நானே இதைவிட மோசமாக மாட்டிக்கொண்டேன். அதுவரை கார்டு என்றால் ஏ.ஜி.பி. ஸ்லாட்டில் மாட்டுவது. 2004-லிருந்து பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டுகள் வரத் தொடங்கியிருந்தன. விலை சற்றுக் குறைவாகவும் புதிதாகவும் இருக்கிறதே என்று சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் கார்டு ஒன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் மூடியைத் திறந்தால் என் மதர்போர்டில் இருந்தது ஏ.ஜி.பி. ஸ்லாட் மட்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கவரைக் கிழித்துவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. அந்தக் கார்டு இரண்டு ஆண்டுகள் பீரோவுக்குள் இருந்தது. மனைவி துணி எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அதுதான் கஷ்டம்.

மூடியைத் திறந்து பார்த்துவிட்டுக் கடைக்குப் போகும் வழக்கம் எனக்கு அன்றிலிருந்துதான் வந்தது.

பெயரைப் பார்த்து வாங்காதீர்கள்

பையனுக்கு நான் அன்று நீண்ட நேரம் விளக்கியது இதைத்தான். கார்டுகளின் பெயர்கள் வாங்குபவருக்கு உதவுவதற்காக வைக்கப்பட்டவை என்று நினைத்துவிடக் கூடாது.

ஜி.டி. 1030 என்ற கார்டு 2017-ல் வந்தது. அதில் இருந்தது ஜி.டி.டி.ஆர்.5 வகை மெமரி. விநாடிக்கு 48 ஜிபி தகவலை அதனால் அனுப்ப முடியும். 2018-ல் அதே பெயரில் இன்னொன்று வந்தது. அதில் டி.டி.ஆர்.4 மெமரி. அனுப்பும் வேகம் விநாடிக்கு சுமார் 17 ஜிபி. பெயரும் 2 ஜிபி என்ற அளவும் ஒன்றுதான். வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பெட்டியின் ஓரத்தில் உள்ள சிறிய எழுத்தைப் படித்தவர் மட்டும் தப்பித்தார்.

ஆர்.டி.எக்ஸ். 3050-ம் அப்படித்தான். 2022 ஜனவரியில் வந்த 8 ஜிபி கார்டும், 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டும் மெமரி அளவில் மட்டும் வேறுபட்டவை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 6 ஜிபி கார்டின் ஜி.பி.யு.வே சிறியது, மெமரிக்குச் செல்லும் பாதையும் குறுகியது. ஆனால் அதற்கு 70 வாட் போதும்; பெரும்பாலான மாடல்களுக்குத் தனி பவர் ஒயர் தேவையில்லை; பாதி உயர மாடலும் கிடைக்கிறது. ஒல்லிப் பெட்டி வைத்திருப்பவருக்கு அந்த மெதுவான கார்டுதான் சரியான கார்டு!

பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்கள் ஏமாறும் இன்னொரு இடம், ஸ்லாட்டின் பாதைகள். 2022-ல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு ஸ்லாட்டில் உள்ள 16 பாதைகளில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் 4.0 உள்ள புதிய போர்டில் சமாளித்துவிடும். 3.0 உள்ள பழைய போர்டில் ஒவ்வொரு பாதையின் வேகமும் பாதி என்பதால் பல கேம்களில் தடுமாறும். அதாவது, கையில் காசு குறைவாக உள்ளவர், பழைய போர்டில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து வாங்கும் விலைக் கார்டு, பழைய போர்டில்தான் சரியாக ஓடாது. எவ்வளவு அழகு!

எத்தனை ஜிபி என்று மட்டும் கேட்டு வாங்குவதும் இதே கதைதான். 4 ஜிபி மெமரி உள்ள பழைய, மெதுவான கார்டு, 2 ஜிபி உள்ள நல்ல கார்டைவிடக் கீழே இருக்கலாம். கடையில் "நாலு ஜிபி கார்டு சார்" என்று சொன்னால், "எந்த மாடல், என்ன மெமரி, எத்தனை வாட்?" என்று திருப்பிக் கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடை இருக்கிறது.

பழைய கார்டு வாங்குவது பற்றியும் கேட்கிறார்கள். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற டிஜிட்டல் நாணயம் தன் முறையை மாற்றியதும், அதுவரை அதற்காக இரவும் பகலும் ஓடிய ஏராளமான கார்டுகள் வேலையிழந்து பழைய சாமான் சந்தைக்கு வந்தன. அவை எல்லாமே கெட்டவை அல்ல. ஆனால் ஃபேன் தேய்ந்திருக்கும், உள்ளே பசை காய்ந்திருக்கும். ஒரு கனமான கேமை அரைமணி நேரம் ஓட்டிக் காட்டச் சொல்லாமல், வாரண்டி பில்லைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். முதல் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்பது என் எண்ணம்.

கரண்ட் கணக்கையும் பாருங்கள். 130 வாட் கார்டு முழு வேகத்தில் தினம் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 23 யூனிட்டுக்கும் சற்று மேல். இது பெரிய தொகையல்ல. ஆனால் உங்கள் வீட்டு பில் ஏற்கெனவே அடுத்த கட்டணப் படியின் விளிம்பில் நின்றால் தெரியும். அதைவிட முக்கியம் யு.பி.எஸ். நம் வீடுகளில் அதிகம் இருப்பது 600 வி.ஏ. யு.பி.எஸ்.; அது தாங்குவது சுமார் 360 வாட். கார்டு போட்ட கம்ப்யூட்டரும் மானிட்டரும் கேம் நடுவில் அதனை நெருங்கிவிடும். கரண்ட் போனதும் யு.பி.எஸ். "கீ" என்று கத்திவிட்டுத் தானும் அணைந்துவிடும். அப்புறம் "யு.பி.எஸ். கெட்டுப்போச்சு" என்பார்கள்.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். எனக்குத் தெரிந்த ஒருவர் கார்டு வாங்கிப் போட்டு மூன்று மாதமாக "ஒரு வித்தியாசமும் இல்லை" என்று புலம்பிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தால் மானிட்டர் கேபிள் மதர்போர்டின் பழைய சாக்கெட்டிலேயே இருந்தது. சில மதர்போர்டுகளில் கார்டு போட்ட பிறகும் அந்தச் சாக்கெட் வேலை செய்யும். கேபிளைக் கழற்றிக் கீழே உள்ள கார்டின் சாக்கெட்டில் மாட்டினேன். அவர் எனக்கு பிரியாணி வாங்கித் தந்தார்.

4,500 ரூபாயில் என்ன செய்தோம்

திருநெல்வேலிக்குத் திரும்புவோம். தீபாவளி முடிந்து கடை திறந்ததும் 480 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்றும், 8 ஜிபி ரேம் ஸ்டிக் ஒன்றும் வாங்கினோம். இரண்டும் சேர்த்து 4,500 ரூபாய். விண்டோஸை எஸ்.எஸ்.டி.யில் புதிதாக நிறுவினோம். இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்ட கம்ப்யூட்டர் இருபது விநாடிக்குள் தயாரானது. ஆட்டோகேட் சட்டென்று திறந்தது.

ரேம் வாங்கியதற்கு இன்னொரு காரணம் உண்டு. ப்ராசசருக்குள் உள்ள சிறிய ஜி.பி.யு. கம்ப்யூட்டரின் ரேமைத்தான் பங்கு போடும் என்று சொன்னேன் அல்லவா? ஒரே ஸ்டிக் இருந்தால் ரேமுக்குப் போகும் பாதை ஒன்று. சரியான ஸ்லாட்டுகளில் இரண்டு ஸ்டிக் போட்டால் பாதை இரண்டு. இந்தக் கம்ப்யூட்டரில் விநாடிக்கு 17 ஜிபி என்பது 34 ஜிபி ஆகிறது. கேமில் அது கண்ணுக்குத் தெரியும். அவன் மானிட்டர் 1366க்கு 768, முழு எச்.டி.யில் பாதிப் புள்ளிகள்தான். எல்லா செட்டிங்கையும் குறைத்து வைத்ததும் ஜி.டி.ஏ. 5 ஆடும் அளவுக்கு ஓடியது. கார் தெருவுக்குத் தெரு நிற்கவில்லை.

பையனுக்குத் திருப்தியா? இல்லை. "ஓடுது மாமா. ஆனா நெழலே வரமாட்டேங்குதே. மூஞ்சியெல்லாம் மாவு பூசுன மாதிரி இருக்கு" என்றான். அவன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. எஸ்.எஸ்.டி.யும் ரேமும் கிராபிக்ஸ் கார்டுக்கு மாற்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அழகான நிழல் வேண்டும் என்றால் கார்டுதான் வேண்டும். அந்த நிழலுக்கு இந்த வீட்டில், இந்த ஆண்டில், இந்தப் பெட்டியில் 22,000 ரூபாய் தகுமா என்பதுதான் கேள்வி. தகாது என்று சொன்னேன். அவன் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. அக்கா சீட்டுப் பணத்தைத் திரும்ப பேங்கில் போட்டாள்.

அடுத்த ஆண்டு, 2025 மே மாதம் வாட்ஸ்அப்பில் அவனிடமிருந்து ஒரு படம் வந்தது. ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. டாஸ்க் மேனேஜர் திரை. டிஸ்க் 12, மெமரி 70, ஜி.பி.யு. 100. பின்னணியில் இருந்தது கேம் அல்ல. டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் புரோகிராம். ஊரில் ஒரு ஸ்டூடியோவுக்கு சனி, ஞாயிறுகளில் கல்யாண வீடியோ எடிட் செய்து கொடுக்கத் தொடங்கியிருந்தான். ஒரு கல்யாணத்துக்குப் பாட்டு, கலர் எல்லாம் சேர்த்து வீடியோவாக வெளியே எடுக்க ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் படுக்க வேண்டியிருந்தது. இந்தப் புரோகிராம் ஜி.பி.யு.வையே பெரிதும் நம்பி இருப்பது. இப்போது இழுத்தடிப்பது எது என்று அவனே கண்டுபிடித்துவிட்டான். உடனே போன் செய்து "வாங்கலாம்" என்றேன்.

பழைய பெட்டிக்குக் கார்டு தேடவில்லை. ஜூன் மாதம் சென்னைக்கு வந்தான். ரிச்சி தெருவில் ஒரு நாள் முழுக்க அலைந்து ஒரு கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்தோம். பன்னிரண்டாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம், நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ்., 8 ஜிபி ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு. கடைக்காரர் விலை குறைவு என்று எஃப் என முடியும் ப்ராசசரைக் காட்டினார். எஃப் என்றால் உள்ளே ஜி.பி.யு. கிடையாது. கூடுதல் பணம் ஆனாலும் எஃப் இல்லாததையே வாங்கச் சொன்னேன். கார்டு என்றாவது படுத்துவிட்டால் கம்ப்யூட்டர் முழுவதும் படுக்காது. தவிர இன்டெல்லின் உள் ஜி.பி.யு. வீடியோ பைல்களைப் பிரித்துத் தருவதில் எடிட்டிங்குக்கும் கை கொடுக்கும். மொத்தம் 64,000 ரூபாய். அக்காவின் 25,000, அவன் சம்பாதித்தது 18,000. மீதி தாய்மாமன் கணக்கில் எழுதப்பட்டது. அதைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் நம்மிடம் இல்லை என்பதை அவனும் நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறான்.

அதே ஆண்டு கடைசியில் ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கே மெமரி சிப்புகள் போக ஆரம்பித்து ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. நாங்கள் ஜூனில் வாங்கியது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம்தான்.

ராத்திரி முழுக்க ஓடிய வேலை இப்போது சாப்பிட்டு வருவதற்குள் முடிகிறதாம். நிழலும் நன்றாக வருகிறதாம், கேட்காமலே சொன்னான்.

அந்த ஒல்லிப் பெட்டி இப்போது அத்தானின் மளிகைக் கடையில் இருக்கிறது. விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த பிறகு அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தோம். பில் போடுகிறது, ஸ்டாக் கணக்கு வைக்கிறது, மத்தியானம் ஆள் இல்லாதபோது பழைய பாட்டுப் படம் ஓட்டுகிறது. சென்ற முறை ஊருக்குப் போனபோது அத்தான் கல்லாவில் உட்கார்ந்தபடியே கேட்டார்.

"மாப்ளே, இதுக்கும் அந்தக் கார்டு ஒண்ணு போட்டா பில்லு சீக்கிரம் வருமா?"

பிரிண்டரைக் கொஞ்சம் துடைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.